வாசற்படிக்கு அடியில் விட்ட இடம்

ஓர் அறையைச் சத்தம் புகாமல் அடைக்கப் போனால் முதலில் சுவரைத் தட்டிப் பார்க்காதீர்கள். வீட்டுக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். நம்மை உள்ளே அழைத்துப்போனதும் சுவரில் நாலு தட்டுத் தட்டி, "எப்படிங்க, நல்லா கெட்டியா இருக்கா?" என்று பெருமையாகக் கேட்பார்கள். நீங்களும் கூடச் சேர்ந்து தட்டினால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் சத்தம் சுவரை முட்டிக்கொண்டு வருவது குறைவு. வாசல் இருந்தால் வாசல் வழியாக வரும், வாசலை அடைத்தால் சந்து தேடும், சந்தும் இல்லாவிட்டால் யாரோ எப்போதோ வயருக்குப் போட்ட ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும்.

சத்தம் அடைக்கிற நம் பெரம்பலூர்ப் பட்டறையை உங்கள் கையில் விட்டுவிட்டு நான் வேப்பந்தட்டையில் வந்து உட்கார்ந்து கொஞ்ச காலம் ஆகிறது. உடம்பு ஓய்வு பெற்றுவிட்டது, காது இன்னும் பெறவில்லை. யார் வீட்டுக் கதவு தரையில் உரசுகிறது, எந்த ஜன்னலில் கண்ணாடி ஆடுகிறது என்று அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. உங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்து, "அண்ணே, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பஞ்சை எப்படி அடுக்குவது, கதவுக்கு ரப்பர் பட்டை எப்படி ஒட்டுவது என்பதெல்லாம் இப்போது போனிலேயே கிடக்கிறது. என்னைவிட அழகாகவும் சொல்கிறார்கள். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் நின்றுவிடும் என்று சொல்வதும் அதே போன்தான். பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் அதை நம்பி ஜெனரேட்டர் ரூம் முழுக்க முட்டை அட்டை ஒட்டினார். சத்தம் குறையவில்லை, எலி குடிவந்தது.

அதனால் போனில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன். அரியலூர் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது.

அப்போதெல்லாம் அரியலூரில் வேலை என்றால் எனக்குக் குஷி. பஸ்ஸில் டூல் பையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்காருவேன். எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி வரும். கண்டக்டர் "ஜன்னல சாத்துங்க, ஜன்னல சாத்துங்க" என்று கத்துவார், ஒருவரும் சாத்த மாட்டார்கள். இறங்கும்போது என் மீசை வெளுத்திருக்கும். இப்போது லாரியின் தயவு இல்லாமலே வெளுத்துவிட்டது. அந்தப் பஸ்ஸும் அந்தப் புழுதியும் அந்த ஜன்னலோரமும் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கின்றன.

டாக்டரம்மா காது, மூக்கு, தொண்டை மருத்துவர். பெயர் தமிழ்ச்செல்வி. சென்னையில் படித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, மாமனார் ஊர்ப்பக்கமே வந்துவிட்டவர். மாமனார் உடையார்பாளையத்தில் முந்திரிக்காடு வைத்திருக்கிற பெரியவர். மருமகளுக்காக அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தானே முன்னால் நின்று மாடி வீடு கட்டிக் கொடுத்தார். கீழே ஆஸ்பத்திரி, மேலே வீடு. கீழே காது சோதிக்கிற அறை ஒன்று உண்டு. அதற்குள் உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். சின்னச் சின்னதாக 'பீப்' சத்தம் வரும். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வெளிச்சத்தம் துளி புகுந்தாலும் அந்தச் சோதனை பொய்யாகிவிடும்.

அறையைச் செய்தவர்கள் நாம் இல்லை, வெளியூரிலிருந்து வந்த ஒரு குழு. டாக்டரம்மா போனில் சொன்னது இதுதான்: "அண்ணே, ஒரு தடவ வந்து பாருங்களேன். வர்றவங்க எல்லாருக்கும் கனமான சத்தம், அதான் அடித்தொண்ட மாதிரி வர்ற பீப்பு, கேக்கலைன்னே வருது. ஒரே மாதிரி வருது. ஊருல பாதிப் பேருக்கா காது போயிருக்கும்? எனக்கென்னமோ ரூம் மேலதான் சந்தேகமா இருக்கு."

நான் போய்ச் சேர்ந்தபோது நடையில் போட்டிருந்த பெஞ்சில் ஒருத்தர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். கலியபெருமாள், கல்லங்குறிச்சிக்காரர். ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் வண்டி ஓட்டுகிறவர். வாலிபத்தில் ஏறிய வண்டி, வேறு வேலை தெரியாது. சுரங்கத்தில் எல்லோரையும் காது சோதனைக்கு இங்கே அனுப்பியிருக்கிறார்கள். இவருக்குக் கேட்கவில்லை என்று வந்துவிட்டது. வண்டியை விட்டு இறக்கி, சுரங்க கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மறுசோதனை. அதிலும் அப்படியே வந்தால் அவர் இனி டம்பரில் ஏற முடியாது.

என் கையில் டூல் பையைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டார்.

"அண்ணே, நீங்கதான் ரூம பாக்க வந்தவரா? இவுங்க வைக்கிற பீப்பு எனக்குக் கேக்கல. அத நான் ஒத்துக்கறேன். ஆனா உள்ள உக்காந்திருக்கறப்ப எதுத்தாப்ல டீக்கடையில 'ரெண்டு ஸ்ட்ராங்கு, ஒண்ணு சக்கர கம்மி'ன்னு சொன்னது கேட்டுச்சுண்ணே. செவிடனுக்கு அது எப்புடிக் கேக்கும்? நீங்களே சொல்லுங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மாவும் சிரித்தார், ஆனால் அவர் முகத்தில் கவலை இருந்தது. கேட்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடச் சொல்லி கலியபெருமாள் காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எப்படிங்க எழுதிக் குடுக்கறது?" என்றார் டாக்டரம்மா. "ரூம்ல கோளாறுன்னு நானும்தான் நெனைக்கிறேன். நெனைக்கறத எழுத முடியுமா? நான் எழுதிக் குடுத்து, நாளைக்கு நீங்க ரிவர்ஸ் எடுக்கறப்போ பின்னாடி ஒருத்தர் விசில் அடிச்சு, அது நெசமாவே உங்களுக்குக் கேக்கலைன்னா?"

கலியபெருமாள் திரும்பிப்போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த அம்மா சொன்னது நியாயம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

ஓட்டை தேடுகிற கதையை நீட்ட மாட்டேன், அது உங்களுக்குத் தெரிந்த வேலை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இருட்டில் காது நன்றாக வேலை செய்யும். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே உறுமும் பஸ்களின் சத்தம் அடித்தொண்டையில் முனகுவது போல உள்ளே வந்துகொண்டிருந்தது. கனமான பீப் சத்தத்தை விழுங்கியது அதுதான். கதவுப் பட்டை நன்றாக இருந்தது. ஏசி குழாய் நுழையும் இடம், சுவிட்சுப் பெட்டி, கூரை மூலை எல்லாம் பார்த்தேன். வெளியூர்க் குழு வேலையில் குறை வைக்கவில்லை. ஊதுபத்தியைக் கொளுத்தி மூலை மூலையாகக் காட்டினேன், புகை ஆடாமல் நேராக எழும்பியது.

விளக்கைப் போட்டபோதுதான் எறும்பைப் பார்த்தேன். வாசற்படி ஓரமாக ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு வாசனையே இல்லாத அறையில் எறும்புக்கு என்ன வேலை? டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அத ஏன் கேக்கறீங்க! சாக்பீஸ் போட்டுப் போட்டு எனக்குக் கையே வலிக்குது. எங்கேருந்து வருதுன்னே தெரியல."

குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். எறும்புகள் தானிய உமியை இழுத்துக்கொண்டு போயின. நடைப்பக்கம் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே வரிசை. படியின் அடியில் புகுந்து இந்தப் பக்கம் வெளியே வருகிறது. ஊதுபத்தியை நடைப்பக்கத்துத் தரையில் வைத்ததும் புகை அப்படியே வளைந்து படிக்குக் கீழே இழுபட்டது. எறும்பு போகிற வழியில் சத்தம் போகாதா? படியை விரலால் தட்டினேன். அடியில் பொள்ளல், காலி இடம்.

அந்த இடத்தில்தான் வெளியூர்க் குழு ஏமாந்திருக்கிறது. வாசற்படிக்கு மேலே செய்ய வேண்டியதையெல்லாம் அவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். படிக்கு அடியில் நம் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. நிலை வைக்கிற அன்று அடியில் சின்னக் குழி விட்டு நவதானியமும் காசும் மஞ்சளும் போட்டு, மேலே நிலையைத் தூக்கி நிறுத்துவார்கள். பொதுவாகத் தலைவாசலுக்கு மட்டும்தான் செய்வார்கள். பிறகு கொத்தனார் கலவை போட்டு இறுக்கிவிடுவார். இங்கே உள்ளறை ஒன்றுக்கும் செய்திருக்கிறார்கள், கலவையும் போடவில்லை. தானியத்துக்காக வந்த எறும்பு இரண்டு பக்கமும் வழி போட்டுவிட்டது.

"யாருப்பா அது, படிகிட்டப் படுத்துக் கெடக்கறது?"

ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிட்டது. டாக்டரம்மாவின் மாமனார் மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தார். முந்திரிக்காட்டின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குக் கூப்பிட்டே பழகிய குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் அதே சத்தம்தான்.

எழுந்து நின்று சொன்னேன். "படிக்கு அடியில பொள்ளலா இருக்குங்கய்யா. கலவ போடாம விட்டுட்டாங்க போல. அது வழியாத்தான் சத்தம் உள்ள போவுது."

"என்னது?"

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"விட்டுட்டாங்களா? நான்தான் தம்பி விடச் சொன்னேன்! கொத்தனாரு கலவையத் தூக்கிக்கிட்டு வந்தான். கொட்டாதடான்னு சொல்லிட்டேன். உள்ள எங்க வூட்டுல மூக்குத்தி இருக்கு."

வூட்டுல என்று அவர் சொன்னது மனைவியை. தனபாக்கியம் என்று பெயர். இந்தக் கட்டடத்துக்குக் கடைக்கால் போடுவதற்கு முந்தைய வருஷம் இறந்துபோனவர். மூக்குத்தி அங்கே இருப்பது டாக்டரம்மாவுக்கே தெரியாது.

பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் மூன்று பேருக்கும் சொன்னார். அவர் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும்.

"கடைசிப் பத்து வருசமா அவளுக்குக் காது கேக்காது. கொல்லையிலேருந்து கூப்புடுவேன், பதிலே வராது. சோத்தப் போடும்பேன், பேசாம வந்து வைப்பா. அடியே செவிடின்னு ஊரு கேக்க ஏசியிருக்கேன். ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல. மருமவ காது டாக்டரு. கூட்டிக்கிட்டுப் போயி ஒரு நா காட்டியிருக்கலாம். காடு, அறுப்பு, கொட்ட உடைக்கறதுன்னு தள்ளிக்கிட்டே போயிட்டேன். அவ போயிச் சேந்துட்டா. அதான் இந்த ரூமு படிக்குக் கீழ வச்சேன். காது கேக்காம வர்ற சனமெல்லாம் அவளத் தாண்டிப் போயி நல்லாகித் திரும்பட்டும்னு. கலவையக் கொட்டினா மூச்சு முட்டாதா அவளுக்கு?"

ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவரிடம், "அய்யா, அந்தப் பொள்ளல்னாலதான் இவரு வேல போற மாதிரி இருக்கு" என்று கலியபெருமாளைக் காட்டினேன்.

"சும்மா சொல்லாத. ஒரு விரக்கடை பொந்து வழியா பஸ் ஸ்டாண்டு உள்ள வந்துருமா? படியில யாரும் கை வைக்கப்படாது." சொல்லிவிட்டு எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். படியைத் தொட விடமாட்டார் என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

டாக்டரம்மா உள்ளே இன்னொரு நோயாளியைப் பார்க்கப் போனார். அந்த நேரம் கலியபெருமாள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"அண்ணே, உங்க பையில அந்த ஃபோம் டப்பா இருக்குல்ல. நம்ம சுரங்கத்து ஆபீசுல ஏசி மாட்டறப்போ அடிச்சாங்க, பாத்திருக்கேன். ஒரு அழுத்து அழுத்தினா உள்ள போயி உப்பிக்கும். பெரியவரு அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்காரு. படியப் பேக்க வேணாம், மூக்குத்தியத் தொட வேணாம். சத்தங்காட்டாம அடிச்சுட்டு வந்துருங்கண்ணே. திங்கக்கிழம நான் பாஸ் பண்ணிருவேன். யாருக்கு என்ன நட்டம்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஃபோம் நிரந்தர வைத்தியம் இல்லைதான், ஆனால் அவசரத்துக்குத் தாங்கும். பெரியவருக்குத் தெரியவே தெரியாது. மூக்குத்தியும் இருந்த இடத்தில் இருக்கும். இந்த மனுஷன் வேலையும் தப்பும். டப்பாவைக் கையில் எடுத்தேன், ஆட்டவும் ஆட்டினேன்.

பிறகு பையிலேயே போட்டுவிட்டேன். எனக்கு அப்போது பெரிய தத்துவம் எதுவும் தோன்றவில்லை. மறந்துபோய் விட்ட ஓட்டையை நான் கேட்காமல் அடைப்பேன். இது ஒருத்தர் தெரிந்தே விட்ட இடம். அவரைக் கேட்காமல் அடைத்தால் நான் மேஸ்திரி இல்லை, திருடன். இதை நான் சொன்னதும் கலியபெருமாள் கையை உதறிவிட்டார். "உங்களுக்கென்னண்ணே, பஸ் ஏறிப் போயிருவீங்க. கேட்டுல உக்காந்து வர்ற போற லாரிக்குச் சல்யூட் அடிக்கப் போறவன் நான்தான?" அந்தக் கோபம் எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு அவர்மேல் துளி வருத்தம் இல்லை.

தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் இந்த இடத்தில் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்காரர் நம்பவில்லை என்றால் மீட்டரை எடுத்துக் காட்டி வாதாடாதீர்கள். எண்ணைக் காட்டினால் அவர் எண்ணோடு சண்டை போடுவார். அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிடுங்கள். அவர் காதே அவருக்குச் சொல்லட்டும். நான் அதைத்தான் செய்யப் போனேன்.

"அய்யா, நான் சொல்றத நம்ப வேணாம். நீங்களே உள்ள உக்காந்து கேளுங்க. பஸ்ஸு சத்தம் கேக்கலைன்னா நான் பையத் தூக்கிக்கிட்டுப் போயிடறேன்."

"வா, பாத்துருவோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நோயாளியை அனுப்பிவிட்டு டாக்டரம்மாவும் வந்தார். ஓர் ஆள் உட்காரச் செய்த அறையில் நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்தோம். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தேன்.

அந்த இருட்டில் பஸ் முனகுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பியது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

"மாஸ்டரு பால் தீந்துருச்சுங்கறாரு" என்று கலியபெருமாள் முணுமுணுத்தார். எனக்கும் அது லேசாகக் கேட்டது.

"என்னய்யா, கேக்குதுங்களா?" என்று உரக்கக் கேட்டேன்.

"என்னத்தக் கேக்குது? கெணத்துக்குள்ள எறங்கி உக்காந்த மாரி இருக்கு. ஒரு ஈ எறும்பு சத்தம் கிடையாது. நல்லாத்தான் கட்டியிருக்கானுவோ. எங்கிட்டயே கத வுடுறீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கலியபெருமாளும் அப்படித்தான் நினைத்தார். அப்போது என் பக்கத்தில் நின்ற டாக்டரம்மா, பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணமாகப் பேசுகிற குரலில் கேட்டார்.

"மாமா, காப்பி சாப்புடறீங்களா?"

பதில் இல்லை.

"மாமா, காப்பி போடச் சொல்லட்டுமா?"

அதற்கும் பதில் இல்லை. கலியபெருமாள் என் தோளை இறுக்கிப் பிடித்தார். டாக்டரம்மா விளக்கைப் போட்டார். பெரியவர் வெற்றி பெற்ற முகத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்.

டாக்டரம்மா அவருக்கு எதிரே தரையில் மண்டியிட்டார். காது சோதிக்கிற கருவிகள் அவரிடம் எத்தனையோ இருந்தன, அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. "மாமா, நான் ரெண்டு தடவ கூப்புட்டேன்" என்று அவர் முகத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"எப்ப?"

"இப்பத்தான். வெளக்க அணைச்சிருந்தப்போ."

"நீ வாயே தொறக்கலையே." சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "என்ன தம்பி?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். "கூப்புட்டாங்கய்யா" என்றேன். கலியபெருமாள், "காப்பி வேணுமான்னு கேட்டாங்க" என்றார்.

அவர் சிரிப்பு அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "வயசாச்சுல்ல. இப்பத்தான் வந்திருக்கும்" என்றார்.

"ஒரே நாள்ல வர்றதில்ல மாமா. வருசக்கணக்கா கொஞ்சங் கொஞ்சமாக் கொறையும். கொறையறது நமக்கே தெரியாது. மத்தவங்கதான் மெதுவாப் பேசறாங்கன்னு தோணும். அதனால நாம கத்திப் பேசுவோம். நீங்க எப்பவுமே சத்தமாப் பேசறவருன்னு நானும் இத்தன வருசம் நெனச்சுக்கிட்டிருந்தேன்." டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "விளக்கடியில இருட்டுங்கற மாதிரி, வீட்டுக்குள்ளயே இருந்தும் நான் பாக்கல மாமா."

பெரியவர் கொஞ்சமாவது யோசிப்பார் என்று நினைத்தேன். அவர் உடனே வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டார்.

"அப்ப அவ?"

டாக்டரம்மா பிடித்த கையை விடவில்லை.

"சொல்லும்மா. ஓங்கத்தைக்குக் காது கேட்டுச்சா?"

"நான் சென்னையில இருந்தப்போ அத்தை வாராவாரம் போன் பண்ணுவாங்க மாமா. எவ்வளவு மெதுவாப் பேசினாலும் ஒரு தடவகூட 'என்ன சொன்ன'ன்னு திருப்பிக் கேட்டதில்ல. காது கேக்கலைன்னு நீங்க சொல்றப்பல்லாம், ஏதோ புருசன் பொண்டாட்டிச் சண்டன்னுதான் நெனச்சேன்." பிறகு சொன்னார், "அத்தைக்குக் குரல்தான் சின்னக் குரல்."

கூப்பிட்டபோதெல்லாம் தனபாக்கியம் அம்மா பதில் சொல்லியிருக்கிறார். வந்துட்டேங்க என்றோ, இந்தா போடறேன் என்றோ சின்னக் குரலில் சொல்லியிருக்கிறார். இவருக்குத்தான் அது வந்து சேரவில்லை. செவிடி என்று ஊர் கேட்க ஏசியதை மட்டும் அந்த அம்மா முழுசாகக் கேட்டிருக்கிறார். நாற்பது வருஷ வேலையில் நான் அழுத ஒரே இடம் அந்த அறைதான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெரியவர் எழுந்து வெளியே போனார். படிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. கலியபெருமாள்கூடத் தன் திங்கட்கிழமையை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

தலை நிமிராமலே, "அடைச்சுடுங்க தம்பி" என்றார்.

"மூக்குத்திய எடுத்துத் தந்துடட்டுங்களா அய்யா? பூசை ரூமுல வச்சுக்கலாம்."

"வேணாம். அங்கயே இருக்கட்டும்." இரண்டு கையையும் படியில் ஊன்றிக்கொண்டு சொன்னார். "நான் கத்துனது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. இனிமே அவளுக்கு ஒரு சத்தமும் போவப்படாது. நல்லா இறுக்கி அடைங்க."

நடைப்பக்கத்தில் ஒரு டைல்ஸைப் பெயர்த்தேன். உள்ளே எறும்பு தின்றுபோட்ட உமியும் கறுத்த காசும் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றும் இருந்தன. முடிச்சை நான் தொடவில்லை. கலவை குழைத்ததும் பெரியவர் கையை நீட்டினார். முதல் கை கலவையை அவரே அள்ளி, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி அந்த முடிச்சைச் சுற்றி வைத்தார். மிச்சத்தை நான் இறுக்கினேன். டைல்ஸை ஒட்டி இரண்டு ஓரமும் பசை போட்டு முடித்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்கு அந்த வீட்டிலேயே காப்பி கிடைத்தது.

திங்கட்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை. இருந்தாலும் பஸ் ஏறிப் போனேன். கலியபெருமாளை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். அறைச் சுவரில் பதித்த சின்னக் கண்ணாடியின் திரையை விலக்கி, இந்தப் பக்கம் இருந்து டாக்டரம்மா குமிழ்களைத் திருக, உள்ளே அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். அந்தக் கட்டைவிரலைப் பார்த்தபடி நான் நின்ற மாதிரி என் சொந்தப் பிள்ளைகளின் பரீட்சைக்குக்கூட நின்றதில்லை.

கனமான சத்தம் எல்லாம் சரியாகக் கேட்டது. இடது காதில் கீச்சென்று வருகிற மெல்லிய சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது, வண்டி இரைச்சலால் வந்தது. காதில் அடைப்பான் போடாமல் டம்பரில் ஏறக்கூடாது என்று டாக்டரம்மா கண்டித்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். கலியபெருமாள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உள்ள ஒண்ணுமே கேக்கலண்ணே! டீக்கட இல்ல, பஸ்ஸு இல்ல, பீப்பு மட்டுந்தான்!" அன்றைக்குக் கையை உதறியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அறை காலியானது. அடுத்த ஆள் பெரியவர். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தார். பக்கத்தில் உட்காரச் சொல்லி எனக்குக் கை காட்டினார். உட்கார்ந்தேன். என் காதுப் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கே பாதிதான் கேட்டது, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"இல்ல தம்பி, இப்ப நான் பேசறது சத்தமா இருக்கான்னு கேட்டேன்."

"இல்லைங்கய்யா" என்றேன்.

"அவளும் இப்படித்தான் பேசியிருப்பா" என்றார்.